மினி-இசட் காரை ட்யூன் செய்வது எப்படி: மோட்டாரைக் கடைசியில் தொடுங்கள்

ரிமோட்டில் ஓட்டும் சின்ன பந்தயக் கார் மினி-இசட். அதை வாங்கிய முதல் வாரத்திலேயே பெரும்பாலோர் தேட ஆரம்பிப்பது வேகமான மோட்டாரை. மாட்டியதும் நேர்ப்பாதையில் கார் பறக்கும். முதல் வளைவிலேயே ஓரத் தடுப்பில் போய் இடிக்கும். அதைச் சரிக்கட்ட அலுமினியப் பாகங்கள், அதற்கும் மேல் வேறு ஏதோ. பணம் போகும், சுற்று நேரம் மட்டும் குறையாது.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர் வரிசை. கார் முதலில் தடையில்லாமல், நேராக உருள வேண்டும். அடுத்து டயர். அதற்கப்புறம் பின்பக்கம், முன்பக்கம், ரேடியோ, பேட்டரி. மோட்டார் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999-இல் கொண்டுவந்தது மினி-இசட். அசல் காரில் ஏறக்குறைய 28-இல் ஒரு பங்கு அளவு, நான்கு ஏஏஏ பேட்டரியில் ஓடும். இங்கே நான் எழுதுவது பின்சக்கர இழுவை உள்ள எம்ஆர்-03 வகையை வைத்து. அதன் பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள) வாரிசான எம்ஆர்-03 ஈவோவுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். நான்கு சக்கர இழுவை உள்ள எம்ஏ-020, எம்ஏ-030 கார்களுக்கு டயர், ரேடியோ, பேட்டரிப் பகுதிகள் மட்டும் போதும். அவற்றின் பின்பக்க அமைப்பே வேறு.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காரில் அரை மி.மீ. என்பது நிஜக் காரில் 14 மி.மீ. அதனால்தான் ஆக்சிலில் சுற்றிய ஒரு தலைமுடி கூட காரின் குணத்தை மாற்றிவிடுகிறது.

மேஜையில் என்ன வேண்டும்

கண்ணாடிக் கடையில் ஒரு அடிக்கு ஒரு அடி, கனமான கண்ணாடித் துண்டு ஒன்று வெட்டி வாங்குங்கள். ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். காரை வைத்துப் பார்க்க வீட்டில் அதைவிடச் சமதளமான இடம் கிடைக்காது. டிஜிட்டல் கேலிப்பர், முனை தேயாத சின்ன நட்சத்திர ஸ்குரூடிரைவர், 1.5 மி.மீ. ஹெக்ஸ், ட்வீசர், சக்கர நட்டுக்கான சாவி, சிலிக்கான் கிரீஸ். கூடவே ஒரு நோட்டு. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் வாங்குவதில்லை; வேறெதையும்விட அதுதான் அதிகம் உதவும்.

ஸ்குரூடிரைவர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். காரின் திருகுகள் பிளாஸ்டிக்கில் நேரடியாக மரை வெட்டிக்கொண்டு இறங்குபவை. கழற்றியதைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுழற்றுங்கள். பழைய மரையில் 'டக்'கென்று விழுவது விரலுக்குத் தெரியும். அதன்பின் வலப்பக்கம் முறுக்குங்கள். பிடித்ததும் நிறுத்திவிட வேண்டும்.

கார் முதலில் உருளட்டும்

பாடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிப் பாருங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே மாதிரி, சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். நட்டை இறுக்கிவிட்டு அப்படியே விடுவது வழக்கமான தவறு. முழுக்க இறுக்கி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓடும் ரெடிசெட் கார்கள் பலவற்றில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ்தான் இருக்கும். காருக்கு முதலில் செலவு செய்வதென்றால் பால் பேரிங்குக்குச் செய்யுங்கள். புது மோட்டாரை விடப் பலன் அதிகம்.

அடுத்தது டிஃபரென்ஷியல், சுருக்கமாக டிஃப்: வளைவில் இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம். கூட வந்தது கியர் டிஃப் என்றால் சுத்தம் செய்து, பல்லில் மெல்லிய கிரீஸ் வைத்தால் போதும். பல்லுக்குப் பதில் சின்ன உருண்டைகள் உள்ள பால் டிஃப் என்றால் இறுக்கம்தான் எல்லாம். இரண்டு பின்சக்கரங்களையும் ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ள பெரிய பல்சக்கரத்தைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். எளிதில் வழுக்கினால் தளர்வு. பிறகு காரைத் தூக்கி ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சிக்கலில்லாமல் சுற்ற வேண்டும். உள்ளே மணல் இருப்பது போல் நெறுநெறுவென்றால் கழற்றிச் சுத்தம் செய்ய நேரமாகிவிட்டது. டிஃப் தளர்ந்திருந்தால் த்ராட்டிலை அழுத்தும்போது மோட்டார் கத்தும், கார் நகராது. அதையே மோட்டாரின் பலவீனம் என்று நினைத்துப் புது மோட்டார் வாங்குபவர்கள் உண்டு.

மோட்டாரின் தண்டில் உள்ள சின்ன பல்சக்கரமான பினியனும் பெரிய பல்சக்கரமும் கடிக்கும் இடத்தில் ஒரு மெல்லிய காகிதப் பட்டையைவிட்டுச் சுற்றிப் பாருங்கள். காகிதம் கிழியாமல், மடிப்பு மட்டும் விழுந்து வெளியே வந்தால் இடைவெளி சரி.

இனி கண்ணாடிக்கு வாருங்கள். பேட்டரியோடு காரை அதன்மேல் வைத்து, முன்பக்கத்தின் நட்டநடுவில் ஒரு கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஒன்று முந்தினால் சேசிஸில் முறுக்கு இருக்கிறது. இந்தக் காரில் மோட்டார் இருக்கும் பின்பகுதியையும் முன்பகுதியையும் இணைப்பது டி-பிளேட் என்ற மெல்லிய தகடு. அதன் திருகுகள் சமமாக இறுகாவிட்டால் முறுக்கு அங்கேதான் விழும். எல்லாத் திருகையும் தளர்த்தி, காரைக் கண்ணாடியில் தானாக உட்காரவிட்டு, ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மறுபடி தூக்கிப் பாருங்கள். இடது வளைவில் நன்றாகத் திரும்பி வலது வளைவில் திரும்பாத காருக்குக் காரணம் பத்தில் எட்டு முறை இந்த முறுக்குதான். இதைத் தீர்க்காமல் ஸ்பிரிங் மாற்றுவதெல்லாம் வீண்.

டயர்: பாதி வேலை இங்கே

ரப்பரின் மென்மையை எண்ணில் சொல்வார்கள்: 20, 30, 40. எண் குறைந்தால் ரப்பர் மெது, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. பின்சக்கர இழுவைக் காருக்கு அடிப்படை விதி, பின்பக்க ரப்பர் எப்போதும் முன்பக்கத்தை விட மென்மையாக இருக்க வேண்டும். முன்பக்கத்துக்குப் பிடிப்பு கூடிவிட்டால் கார் பம்பரம் போல் சுற்றிவிடும்.

தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மினி-இசட் பந்தயங்களில் பரவலாகப் பயன்படுவது ஆர்சிபி எனப்படும், ஒன்றோடொன்று கோக்கும் ஃபோம் தளம். அதில் பின்பக்கம் 20, முன்பக்கம் 30 என்று ஆரம்பிக்கலாம். குழந்தைகள் விளையாட விரிக்கும் ஈவிஏ ஃபோம் பாய்களைக் கோத்து வீட்டிலேயே ட்ராக் போட்டால் இதே ஜோடி ஓரளவு பொருந்தும், ஆனால் பாயின் மேல் உள்ள கோடு கோடான வடிவம் கொஞ்சம் துள்ளவைக்கும். கார்ப்பெட்டில் பிடிப்பு மிக அதிகம். முன்பக்கம் 40-க்குப் போங்கள். வழவழப்பான தரை டைல்ஸில் எதைப் போட்டாலும் வழுக்கும். அங்கே கிடைப்பதிலேயே மென்மையான ரப்பரைப் பின்னால் போட்டுவிட்டு, ட்யூனிங் பற்றி அதிகம் கவலைப்படாமல் ஓட்டிப் பழகுங்கள். டைல்ஸில் கண்டுபிடித்த அமைப்பு ஃபோமில் செல்லாது.

டயரை ரிம்மில் ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டாவிட்டால் வளைவில் ரப்பர் ரிம்மை விட்டு நகரும், ஒவ்வொரு சுற்றும் வேறு மாதிரி இருக்கும். டயர் டேப் எனப்படும் மெல்லிய இருபக்க நாடா புதியவர்களுக்கு எளிது. ரிம்மைச் சுற்றி ஒரே சுற்று, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் அந்த இடத்தில் மேடு விழும். மாட்டியபின் கேலிப்பரால் இடது வலது விட்டத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்சக்கரங்களில் வித்தியாசம் இருந்தால், நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலே கார் ஒரு பக்கம் இழுக்கும். டயரைச் சுழலவைத்து உப்புத்தாளால் சமமாகத் தேய்க்கும் ட்ரூயர் என்ற சின்ன இயந்திரம் யாராவது நண்பரிடம் இருந்தால் கேட்டு வாங்கித் தேய்த்துக்கொள்ளுங்கள். சொந்தமாக வாங்குவது அவசியமில்லை.

பிடிப்பு அதிகமான தளத்தில் வரும் இன்னொரு தொல்லை, வளைவில் கார் குட்டிக்கரணம் போடுவது. முன்டயரின் வெளி ஓரம் தரையைக் கவ்வி, காரைத் தூக்கி எறிகிறது. பழைய கைகள் எல்லோரும் செய்யும் வைத்தியம் இது: முன்டயரின் வெளிப்பக்கச் சுவரில், தரையைத் தொடும் விளிம்பு வரை, சூப்பர் க்ளூவை மெல்லிசாகத் தடவிக் காயவிடுவது. அந்த ஓரம் கெட்டியாகி வழுக்கும், கார் கவிழாது. ஒரு சொட்டு போதும். தரையைத் தொடும் முகத்தில் வழிந்துவிட்டால் அந்த டயர் வீண்.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் டயரைத் துடையுங்கள். மாஸ்கிங் டேப்பின் பசைப் பக்கத்தில் உருட்டினாலே தூசி வந்துவிடும். நம் ஊர்த் தூசியில் இதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் செய்தாலும் அதிகமில்லை. ட்ராக்கையும் பெருக்காதீர்கள், வாக்குவம் போடுங்கள். பெருக்கினால் தூசி இடம்தான் மாறும். ஓட ஓடத் தளத்தில் ரப்பர் படிந்து பிடிப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதையும் மறக்க வேண்டாம். காலையில் சரியாக இருந்த கார் மாலையில் கவிழ ஆரம்பித்தால் கார் கெடவில்லை, தளம் மாறியிருக்கிறது.

பின்பக்கம்

இங்கே மூன்று விஷயங்கள்: மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது, டி-பிளேட் எவ்வளவு கெட்டி, சாய்வின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பர் எவ்வளவு பிடிக்கிறது.

மோட்டார் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கினால் ஆர்எம், முன்னால் இருந்தால் எம்எம். ஆர்எம்மில் பின்சக்கரத்தின் மேல் எடை கூடுதலாக விழும், கிளம்பும்போது பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் பின்பக்கம் வழுக்க ஆரம்பித்துவிட்டால் அந்த எடையே வாலை வீசிவிடும், மீட்பது கடினம். எம்எம்மில் எடை நடுவுக்கு வருவதால் திரும்புவது சீராக இருக்கும். புதிதாக வருபவர்களுக்கு எம்எம், அதிலும் நீளமான வீல்பேஸ் என்பதே என் யோசனை. வீல்பேஸ் 86, 90, 94, 98 மி.மீ. என்று போகும். 98-இல் கார் அமைதியாக இருக்கும். 86-இல் நுணுக்கமான வளைவுகளில் சட்டென்று திரும்பும், உங்கள் விரல் நடுக்கத்தையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். வீல்பேஸை முடிவு செய்வது உங்களுக்குப் பிடித்த பாடிதான் என்பதால் வாங்கும்போதே இதை யோசித்துவிடுங்கள்.

டி-பிளேட் மெலிதாக இருந்தால் பின்பக்கம் தாராளமாகச் சாயும், பிடிப்பு கூடும், தவறை மன்னிக்கும். கெட்டியாக இருந்தால் கார் உடனுக்குடன் பதில் சொல்லும், பிடிப்பு குறையும். பிடிப்பு குறைவான தளத்துக்கு மெலிது, அதிகமான தளத்துக்குக் கெட்டி. டாம்பர் தட்டுகளுக்கு இடையே வைக்கும் கிரீஸின் தடிமன், காரின் சாய்வு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைத் தீர்மானிக்கும். இடதும் வலதுமாக மாறி மாறி வரும் வளைவுகளில் கார் தள்ளாடினால் தடித்த கிரீஸ். மேலே மாட்டும் ஆயில் ஷாக் வேறு வேலை செய்கிறது: த்ராட்டில் கொடுக்கும்போது பின்பக்கம் குந்துவதையும், விடும்போது முன்பக்கம் குனிவதையும் கட்டுப்படுத்தும். அது இல்லாமலும் நன்றாக ஓட்டலாம்.

முன்பக்கம்

முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் உள்ள ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் முன்பக்கத்துக்குப் பிடிப்பு கூடும், திரும்புதல் அதிகமாகும். கெட்டியாக்கினால் நேர்மாறு. சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கேம்பர் கோணத்தை 1 அல்லது 2 டிகிரியில் வைத்து மறந்துவிடலாம். சில சுற்றுகள் ஓட்டியபின் முன்டயரைப் பாருங்கள். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் அதிகம், வெளி ஓரம் தேய்ந்தால் குறைவு. டயர் சொல்வதை விட நம்பகமான அளவுகோல் கிடையாது.

மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் டோ கோணத்தை ஆரம்பத்தில் பூஜ்யத்திலேயே வையுங்கள். சக்கரங்கள் முன்னால் கொஞ்சம் விரிந்திருந்தால் வளைவுக்குள் நுழையும்போது கார் சுறுசுறுப்பாகும், நேர்ப்பாதையில் அலையும். கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமான காஸ்டரைக் கூட்டினால் நேர்ப்பாதையில் நிதானம் வரும்.

தரைக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி, நல்ல ஃபோம் ட்ராக்கில் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. போதும். வீட்டுப் பாய்களின் இணைப்பு ஒழுங்காக இருக்காது, 2 மி.மீ. வையுங்கள். முன்பக்கம் பின்பக்கத்தை விடத் துளி தாழ்ந்திருந்தால் எடை முன்னே வந்து கார் நன்றாகத் திரும்பும். பின்பக்கம் வழுக்குகிறதென்றால் அதே விஷயத்தைத் திருப்பிச் செய்யுங்கள்.

வளைவை மூன்றாக உடைத்துப் பாருங்கள்

"கார் திரும்பவே மாட்டேங்குது" என்பது நோய்க்குறி இல்லை. எங்கே திரும்பவில்லை? வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, த்ராட்டில் கொடுத்து வெளியே வரும்போதா? மூன்றுக்கும் மருந்து வேறு.

நுழையும்போது முகம் திரும்பாமல் நேரே போகிறதென்றால் முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், அல்லது டோவை ஒரு படி விரியுங்கள். அதற்கும் முன்னால், பிரேக் போடாமல் வேகமாக நுழைகிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் தள்ளிக்கொண்டு போனால் விஷயம் டயர்தான்: முன் ரப்பரை ஒரு எண் மென்மையாக்குங்கள். வெளியே வரும்போது மட்டும் அகலமாகப் போகிறதென்றால் த்ராட்டில் கொடுத்ததும் எடை பின்னால் ஓடி, முன்சக்கரம் லேசாகிறது. பின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஆயில் ஷாக் இருந்தால் அதைக் கெட்டியாக்குங்கள்.

பின்பக்கம் சுற்றிவிடும் நோய்க்கும் இதே கேள்விதான். நுழைவில் சுற்றினால் முன்பக்கத்துக்குப் பிடிப்பு அளவுக்கு மேல். வெளியேறும்போது சுற்றினால் டி-பிளேட்டை மெலிதாக்குங்கள், டிஃப் வழுக்காமலும் அளவுக்கு மேல் இறுகாமலும் இருக்கிறதா பாருங்கள், விரலையும் கொஞ்சம் நிதானப்படுத்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றியபின் பத்துச் சுற்று ஓட்டி, சிறந்த சுற்றை அல்ல, பத்தின் சராசரியை நோட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு அபாரமான சுற்று உங்கள் அதிர்ஷ்டத்தைக் காட்டும். சராசரிதான் காரைக் காட்டும். தேதி, தளம், டயர் எண், நாளின் வெப்பம் எல்லாம் அதே வரியில் இருக்கட்டும். மாற்றம் பலன் தராவிட்டால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

பாடி அழகுக்கு மட்டுமல்ல

ஆட்டோ ஸ்கேல் எனப்படும், நிஜக் காரைப் போலவே வண்ணமடித்த பாடிகளுக்காகவே இந்தக் காரை வாங்குபவர்கள் உண்டு. 1991-இல் லெ மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி-யை அலமாரியில் வைத்துப் பார்ப்பதே ஒரு சுகம். ஆனால் அந்தப் பாடி டயரில் உரசினால் காரின் குணம் கெடும். மாட்டியபின் ஸ்டீயரிங்கை முழுக்க இரு பக்கமும் திருப்பி, மேலிருந்து பாடியை அழுத்திப் பாருங்கள். ஓட்டியபின் சக்கர வளைவின் உட்பக்கத்தில் கருப்புக் கோடு தெரிந்தால் அந்த இடத்தை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். பக்கவாட்டுக் கொக்கிகளில் பாடி இறுக்கமாக மாட்டியிருந்தால் சேசிஸ் வளைய முடியாமல் டி-பிளேட்டின் வேலையே நின்றுவிடும். லேசாக ஆட வேண்டும். பந்தயத்துக்கு மட்டும் என்றால் லெக்சான் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் பாடி எடுங்கள். மேல் எடை குறைவதால் கவிழ்வதும் குறையும்.

ரேடியோ

காரைத் தரையில் வைத்து, ஸ்டீயரிங்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி, ரேடியோவில் நடுநிலையைத் திருத்தும் டிரிம்மால் நேராக்குங்கள். பிறகு ஸ்டீயரிங் முழுதும் திரும்பும் எல்லையை அமையுங்கள்: முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் சேசிஸில் முட்டுவதற்குச் சற்று முன் நிற்க வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால் ஸ்டீயரிங் மோட்டார் வீணாக முட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் குறைக்கும் டூவல் ரேட்டை ட்ராக்கின் மிகக் குறுகிய வளைவில் திரும்பும் அளவுக்கு மட்டும் குறையுங்கள். புதியவர்கள் 100 சதவீதத்திலேயே விட்டுவிட்டு, கார் சுற்றுகிறது என்று ஸ்பிரிங்கைப் பழிப்பார்கள்.

முன்சக்கரம் நேராக நிற்காமல் நடுங்கினால், உள்ளே நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி ஏறியிருக்கலாம். முன்மூடியைத் திறந்து சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். கணினியோடு இணைக்கும் ஐசிஎஸ் அடாப்டர் இருந்தால் ஸ்டீயரிங்கின் வேகத்தையும் நடுவில் உள்ள செயலற்ற அகலத்தையும் மாற்றலாம். அடிப்படை கைவந்தபின் அதைத் தொட்டால் போதும்.

பேட்டரி

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏஏ, நான்கு. எனலூப் வகை இதற்கு நன்றாகவே போதும். ஒன்றாக வாங்கிய நான்கையும் எண் போட்டு, எப்போதும் ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் வேண்டும். நான்கில் ஒன்று சோர்ந்தாலும் கார் சோரும். முழுச் சார்ஜில் கார் துள்ளலாக இருக்கும், சில நிமிடம் கழித்துச் சமனாகும். ட்யூனிங் முடிவுகளை அந்தச் சமனான பகுதியில் எடுங்கள்.

ஏஏஏ அளவிலேயே 10440 என்ற லித்தியம் செல் கிடைக்கிறது. ஒன்று 3.7 வோல்ட். நான்கைப் போட்டால் 4.8 வோல்ட்டுக்குப் பதில் 14.8 வோல்ட் பாயும், போர்டு அந்த நொடியே போய்விடும்.

இப்போது மோட்டார்

மேலே உள்ளதெல்லாம் முடிந்து, பத்துச் சுற்றை இடிக்காமல் ஓட்ட முடிகிறதென்றால் வேகத்தைத் தொடலாம். அப்போதும் முதலில் பினியன். பிரஷ் மோட்டார் உள்ள காரில் பெரிய பல்சக்கரத்துக்கு 44 பல். பினியன் 6 முதல் 9 வரை. 8 பல் என்றால் விகிதம் 5.5, 9 பல் என்றால் 4.89. ஒரே ஒரு பல்லில் உச்ச வேகம் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. கிளம்பும் வேகம் அதே அளவுக்கு மந்தமாகும். நேர்ப்பாதை குட்டையாக இருக்கும் வீட்டு ட்ராக்கில் 7 பல்லோடு ஓடும் கார், 9 பல்லோடு ஓடுவதை முந்திவிடும். நேர்ப்பாதையின் கடைசிக் கால்பங்கில் மோட்டார் உச்சச் சுழற்சியைத் தொட வேண்டும். பாதியிலேயே கத்திக்கொண்டு நின்றுவிட்டால் ஒரு பல் கூட்டுங்கள், வளைவு வரும் வரை ஏறிக்கொண்டே இருந்தால் ஒரு பல் குறையுங்கள்.

ஈவோவில் மோட்டாரைக் கேவி எண்ணில் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுழற்சி) தருகிறார்கள்: 4100, 5600, 8500, 12000. பழகுவதற்கு 5600 தாராளம். 12000 வைத்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் ஓட்டினால் சுவருக்கும் காருக்கும் கேடு.

புதிய பிரஷ் மோட்டாரை நேராகப் பந்தயத்தில் இறக்காதீர்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, குறைந்த வேகத்தில் சில நிமிடம் ஓடவிட்டால் பிரஷ்ஷின் முனை அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து பொருந்தும். ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் சில நொடி தாங்கினால் சரி. தாங்க முடியாத சூடென்றால், முதலில் சக்கரங்களும் டிஃபும் தடையின்றிச் சுற்றுகின்றனவா என்று மறுபடி பாருங்கள். அங்கே குறையில்லையென்றால் பினியனில் ஒரு பல் குறைத்துவிட்டு, மோட்டார் ஆறியபின் அடுத்த ஓட்டத்துக்குப் போங்கள்.